சென்னைக் கடலில் எண்ணெய்: எம்டன் காலம் முதல் எண்ணூர் வரை

2012 அக்டோபர் 31 அன்று நீலம் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. அன்று சென்னைக்கு அப்பால் நங்கூரமிட்டிருந்த 'பிரதிபா காவேரி' என்ற எண்ணெய்க் கப்பல், நங்கூரம் பிடிக்காமல் காற்றால் தள்ளப்பட்டு, பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரைக்கு அருகில் தரைதட்டியது. உயிர்காப்புப் படகில் இறங்கிக் கரை சேர முயன்ற மாலுமிகளில் சிலர், படகு கவிழ்ந்ததால் இறந்தனர். கப்பல் பத்து நாட்களுக்கு மேல் அங்கேயே நின்றது. அடையாறு, மயிலாப்பூர், தி.நகர் மக்கள் குடும்பத்தோடு வந்து அதைப் பார்த்துவிட்டுப் போனார்கள். சுண்டல் வியாபாரமும் நன்றாக நடந்தது. நவம்பர் இரண்டாம் வாரத்தில் இழுவைக் கப்பல்கள் அதை மீட்டு ஆழ்கடலுக்குக் கொண்டு சென்றன. அஞ்சியபடி பெரிய எண்ணெய்க் கசிவு எதுவும் நேரவில்லை.

அப்போது நான் பணியில் இருந்தேன். பள்ளி திறந்த அன்று எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து, "சார், கப்பல் உடைஞ்சிருந்தா எண்ணெய் எல்லாம் எங்க போயிருக்கும்?" என்று கேட்டான். "எண்ணெய் தண்ணீரைவிட லேசு, மிதக்கும். கொஞ்சம் வெயிலில் ஆவியாகும், மீதியை அலை அடித்துக் கலைத்துவிடும்" என்று சொல்லி உட்கார வைத்தேன். பாடப்புத்தகம் சொன்னதைத்தான் நானும் சொன்னேன். அந்தப் பதில் பாதிதான் சரி என்பது 2017ஆம் ஆண்டு ஜனவரிக்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது.

கடலில் கலக்கும் எண்ணெய்க்கு மூன்று போக்கிடங்கள் உண்டு. ஒரு பகுதி காற்றில் ஆவியாகிறது. இன்னொரு பகுதி நீரில் கரைந்தும் நுண்துளிகளாகச் சிதறியும் போய், நாளடைவில் நுண்ணுயிர்களுக்கு இரையாகிறது. எஞ்சியது அடியில் உள்ள மணலிலும் சேற்றிலும் படிகிறது. முதல் இரண்டையும் எல்லோரும் அறிவர். மூன்றாவதைக் கண்ணால் பார்க்க முடியாது என்பதால் அதைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. சென்னைக் கடலுக்கு எண்ணெய் வந்த வரலாற்றை இந்த மூன்றாவது போக்கிடத்தை மனத்தில் வைத்துப் பார்த்தால், நாம் அறிந்த சம்பவங்களே வேறு விதமாகத் தெரிகின்றன.

சீமெண்ணெயும் எம்டனும்

நம் பாட்டிமார் மண்ணெண்ணெயைச் 'சீமெண்ணெய்' என்றார்கள். சீமையிலிருந்து வந்த எண்ணெய் என்று பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் விளக்கெண்ணெயின் இடத்தைப் பிடித்துக்கொண்ட இந்த எண்ணெய், சென்னைக்குக் கடல் வழியாகவே வந்தது. 1886இல் தொடங்கிய பர்மா ஆயில் கம்பெனி பர்மாவின் எண்ணெயை இந்தியத் துறைமுகங்களுக்குக் கொண்டுவந்து விற்றது. சென்னைத் துறைமுகத்தை ஒட்டி அதன் தொட்டிகள் இருந்தன.

அந்தத் தொட்டிகள் வரலாற்றில் இடம் பெற்றது 1914 செப்டம்பர் 22 இரவில். முதல் உலகப் போர் தொடங்கி இரண்டு மாதங்கூட ஆகவில்லை. கார்ல் ஃபான் முல்லர் தலைமையிலான ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன், ஒன்பதரை மணியளவில் இருளில் நெருங்கி வந்து சுமார் 130 குண்டுகளைச் சுட்டது. எண்ணெய்த் தொட்டிகள் பற்றிக்கொண்டன. எம்டன் திரும்பிப் போன பிறகும் அந்தத் தீ கடலில் வெகுதூரத்துக்குத் தெரிந்ததாம். ஊரைவிட்டு ஆயிரக்கணக்கானோர் ஓடினார்கள். உயர் நீதிமன்ற வளாகத்தின் கிழக்குச் சுவரில் இதற்கான நினைவுக் கல் இன்றும் இருக்கிறது. அந்த ஆண்டே நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளில் ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னி எம்டனை வீழ்த்தியது. பெயர் மட்டும் தமிழில் தங்கிவிட்டது. கண்டிப்பானவரையும் கில்லாடியையும் 'எம்டன்' என்பது நம் வழக்கு. மாணவர்கள் என் முதுகுக்குப் பின்னால் என்னையும் அப்படித்தான் அழைத்தார்கள் என்று ஓய்வு பெற்ற பிறகு தெரியவந்தது.

சென்னைக் கரையில் நடந்த முதல் பெரிய எண்ணெய் விபத்து என்று இதைச் சொல்லலாம். ஆனால் மண்ணெண்ணெய் இலகுவானது. தீப்பிடித்தால் எரிந்து போகும். நீரில் விழுந்தாலும் அதன் பெரும்பகுதி சில நாட்களில் ஆவியாகிவிடும். எம்டன் எரித்த எண்ணெய் நினைவாக மட்டுமே மிஞ்சியது. கரையில் நெடுங்காலம் தங்கக்கூடிய எண்ணெய் பின்னால்தான் வந்தது.

துறைமுகம் மாற்றிய கரை

எண்ணெய் எங்கே தங்கும் என்பதைக் கரையின் அமைப்பு முடிவு செய்கிறது. சென்னைக் கரையின் இன்றைய அமைப்பை உருவாக்கியதில் பெரும் பங்கு துறைமுகத்துக்கு உண்டு. அதனால் சற்றுப் பின்னோக்கிப் போகவேண்டும்.

1870களின் இடையில் தொடங்கிய துறைமுகக் கட்டுமானத்தை 1881ஆம் ஆண்டுப் புயல் உடைத்துப்போட்டது. மீண்டும் கட்டி, 1890களில்தான் முடித்தார்கள். நம் கரையில் ஆண்டு முழுவதையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால், அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்காக நகர்த்துகின்றன. கடலுக்குள் நீட்டிய துறைமுகச் சுவர் அந்த மணலை மறித்தது. தெற்கே மணல் குவிந்தது. முன்பு இன்றைய காமராஜர் சாலைக்கு வெகு அருகில் இருந்த கடல் விலகிப் போய், நாம் மாலையில் காற்று வாங்கும் அகன்ற மெரினா உருவானது. வடக்கே மணல் வரத்து நின்றது. இராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் கடல் கரையை அரித்துத் தெருக்களை விழுங்கத் தொடங்கியது. அரிப்பைத் தடுக்க அங்கே கருங்கற்களைக் கொட்டிச் சுவர் எழுப்பினார்கள். கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவுகளையும் பின்னர் அமைத்தார்கள்.

மயிலாப்பூருக்குக் கிடைத்த மணல், திருவொற்றியூர் இழந்த மணல். இந்தக் கணக்கைப் பள்ளியில் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கற்சுவர்களையும் தூண்டில் வளைவுகளையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 2017இல் எண்ணெய் வந்து மாட்டிக்கொண்டது அவற்றின் இடுக்குகளில்தான்.

1969: ஒரே மாதத்தில் இரண்டு நிகழ்ச்சிகள்

1965 டிசம்பரில் இந்திய அரசு, அமெரிக்காவின் அமோகோ, ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனம் ஆகிய மூன்றும் சேர்ந்து மெட்ராஸ் ரிஃபைனரீஸ் நிறுவனத்தைத் தொடங்கின. மணலியில் அதன் சுத்திகரிப்பு ஆலை 1969 செப்டம்பரில் இயங்கத் தொடங்கியது. ஆண்டுக்கு 25 லட்சம் டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் திறன் கொண்டது அது. பிற்காலத்தில் சென்னை பெட்ரோலியம் என்று பெயர் மாறி, இன்று அந்தத் திறன் ஒரு கோடி டன்னைத் தாண்டிவிட்டது. ஆலைக்கு வேண்டிய கச்சா எண்ணெயை இறக்கச் சென்னைத் துறைமுகத்தில் 1972இல் பாரதி தளம் அமைந்தது. அங்கிருந்து மணலிக்குக் குழாய் வழியாக எண்ணெய் போனது. 2001இல் எண்ணூரில் இன்னொரு துறைமுகம் வந்தது. இன்று அதன் பெயர் காமராஜர் துறைமுகம். தென்சென்னையின் பெட்ரோல் பங்குகளில் நாம் நிரப்பிக்கொள்ளும் எரிபொருளுக்குப் பின்னால் இருக்கும் தொட்டிகள், குழாய்கள், கப்பல் தளங்கள் எல்லாம் கூவத்துக்கு வடக்கே அமைந்தன.

மணலி ஆலை இயங்கத் தொடங்கிய அதே 1969 செப்டம்பரில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரையில் வெஸ்ட் ஃபால்மத் என்ற ஊருக்கு அருகே 'ஃப்ளோரிடா' என்ற எண்ணெய்ப் படகு பாறையில் மோதியது. ஏறத்தாழ 7 லட்சம் லிட்டர் எண்ணெய் கசிந்து, பக்கத்திலிருந்த உப்பங்கழியில் புகுந்தது. டீசலைப் போன்ற இலகுவான எண்ணெய்தான் அது. புகழ்பெற்ற வுட்ஸ் ஹோல் கடலாய்வு நிலையம் கூப்பிடு தூரத்தில் இருந்ததால், அறிவியலாளர்கள் முதல் வாரத்திலேயே சேற்றை அள்ளி ஆராயத் தொடங்கினர். பிறகும் விடாமல் பல பத்தாண்டுகள் அள்ளினர்.

2000ஆம் ஆண்டில், விபத்து நடந்து முப்பது ஆண்டுகள் கழித்துத் தோண்டியபோது, மேலே பசும்புல் வளர்ந்திருந்த கழிமண்ணில் சில அங்குல ஆழத்தில் அதே எண்ணெய் கிடைத்தது. அந்தக் கழியில், ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக உள்ள சிறு நண்டுகள் வளை தோண்டி வாழ்கின்றன. சுத்தமான இடத்தில் நேராகக் கீழே இறங்கும் வளைகள், எண்ணெய் தங்கிய இடத்தில் ஆழம் போகாமல் நின்றுவிடுவதையும் பக்கவாட்டில் திரும்புவதையும் 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்த நண்டுகள் ஆபத்தைக் கண்டு ஓடும் வேகமும் குறைந்திருந்தது. நாம் மறந்துபோன விபத்து நண்டுக்குத் தெரிந்திருக்கிறது!

காலில் ஒட்டிய தார்

எழுபதுகளில் மெரினாவில் விளையாடிவிட்டு வந்தால், உள்ளங்காலில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருக்கும். அம்மா தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துவிடுவார். சாலையில் போடும் தார் என்று நினைத்துக்கொள்வோம். உண்மையில் அவை கடல் கொண்டுவந்த தார் உருண்டைகள். எண்ணெயின் இலகுவான பகுதிகள் பறந்துபோய், எஞ்சியது நீரோடு கடையப்பட்டு, இறுகி உருண்டையாகிக் கரை ஒதுங்கும்.

அக்காலத்தில் எண்ணெயை இறக்கிய டேங்கர்கள், காலித் தொட்டிகளில் கடல்நீரை நிரப்பிக்கொண்டு திரும்பும். தொட்டிகளைக் கழுவிய எண்ணெய்த் தண்ணீரை நடுக்கடலிலேயே விடுவதும் வழக்கமாக இருந்தது. வளைகுடாவிலிருந்து கிழக்கே செல்லும் கப்பல் பாதை இலங்கைக்குத் தெற்கே போகிறது. எனவே இந்தக் கழிவு நம் பக்கக் கரைகளை அடைந்ததில் வியப்பில்லை. 1967இல் இங்கிலாந்துக் கரையருகே டோரி கேன்யன் கப்பல் உடைந்து சுமார் 1,19,000 டன் கச்சா எண்ணெய் கொட்டிய பிறகே உலக நாடுகள் விழித்துக்கொண்டன. கப்பல்களால் வரும் மாசைத் தடுக்கும் மார்போல் உடன்படிக்கை 1973இல் உருவாகி, 1978இல் திருத்தப்பட்டு, 1983 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 1986இல் அதில் சேர்ந்தது. இன்றைய பிள்ளைகளின் காலில் தார் ஒட்டுவது குறைந்திருக்கிறது என்றால், அதில் இந்த உடன்படிக்கைக்குக் கணிசமான பங்கு உண்டு. உலக உடன்படிக்கைகளால் ஒரு பயனும் இல்லை என்று சொல்பவர்களிடம் நான் இதைத்தான் எடுத்துக்காட்டுவேன்.

2017 ஜனவரி 28

ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூடிய கூட்டம் கலைந்து ஐந்து நாட்களே ஆகியிருந்தன. சனிக்கிழமை அதிகாலை நான்கு மணி அளவில், காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எரிவாயுவை இறக்கிவிட்டு வெளியே போய்க்கொண்டிருந்தது 'பி.டபிள்யூ. மேப்பிள்'. பெட்ரோலியப் பொருட்களுடன் உள்ளே வந்துகொண்டிருந்தது 'டான் காஞ்சிபுரம்'. சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பு எதுவும் இல்லை என்பதே முதல் அறிவிப்பு. பிறகு சில டன் என்றார்கள். அதன் பிறகும் எண்ணிக்கை ஏறியது. கடைசியில் அதிகாரபூர்வமாக நின்ற கணக்கு 196.4 டன் கனரக உலை எண்ணெய்.

முதல் நாட்களில் அளவைக் குறைத்துச் சொன்னதுதான் இந்த விபத்தின் பெரிய தவறு என்பது என் கருத்து. எண்ணெய் பரவும் முன் மிதவைத் தடுப்புகளைக் கட்டி வளைக்க வேண்டிய நேரம் முதல் ஒரு நாள்தான். எண்ணெய்க் கசிவுப் பேரிடருக்கான தேசியத் திட்டம் 1996 முதல் நாட்டில் இருக்கிறது. கடலோரக் காவல்படை அதற்குப் பொறுப்பு. ஆனால் கசிவே இல்லை என்று சொல்லப்படும்போது எந்தத் திட்டத்தை எடுத்து விரிப்பது?

உலை எண்ணெய் மண்ணெண்ணெயைப் போன்றதல்ல. கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோல், டீசல் எல்லாம் பிரித்தெடுத்தபின் அடியில் மிஞ்சும் கெட்டியான பகுதி அதில் அதிகம். கொஞ்சமே ஆவியாகும். மண்ணெண்ணெயின் அடர்த்தி சுமார் 0.8, கடல்நீரின் அடர்த்தி சுமார் 1.025. உலை எண்ணெயோ 0.95க்கு மேல் போகும். ஆகவே அது மிதப்பதே மயிரிழையில்தான். சிறிது மணலோ சேறோ அதில் சேர்ந்துவிட்டால் மூழ்கிவிடும். எண்ணெய் மிதக்கும் என்று நான் வகுப்பில் சொன்ன பதில் இங்கேதான் உடைகிறது.

எண்ணெய் எர்ணாவூர் பாரதியார் நகரை ஒட்டிய கற்சுவர்களுக்கும் தூண்டில் வளைவுகளுக்கும் இடையே வந்து கூழாகத் திரண்டது. கழிவுநீர் உறிஞ்சும் லாரிகளைக் கொண்டுவந்தார்கள். குப்பையும் மணலும் கலந்த அந்தக் கூழைக் குழாய்கள் எளிதில் இழுக்கவில்லை. கடைசியில் மீனவர்களும் கல்லூரி மாணவர்களும் ஒப்பந்தத் தொழிலாளர்களும் கடலோரக் காவல்படையினரும் வரிசையில் நின்று, பிளாஸ்டிக் வாளிகளில் கையால் அள்ளி வெளியேற்றினர். அந்தப் படங்களை உலகமே பார்த்தது. பலருக்குச் சரியான கையுறைகூட இல்லை. போய்வந்த என் பழைய மாணவர் ஒருவர் இரண்டு நாள் தலைவலியோடு படுத்திருந்தார். "அள்ளி முடிச்ச இடத்துல கால வச்சா, மணலுக்குள்ள இருந்து மறுபடி ஊறி வருது சார்" என்றார். அன்று எனக்கு அது ஒரு சலிப்புப் பேச்சாகத்தான் பட்டது.

எஞ்சியது தெற்கே வந்தது. வாடைக் காற்று வீசும் மாதங்களில் கரையோர நீரோட்டம் தெற்கு நோக்கிப் போகும். பிப்ரவரி வாக்கில் அது வடக்கே திரும்பும். விபத்து நடந்தது வாடையின் கடைசிக் கட்டத்தில். மெரினா, பட்டினப்பாக்கம், பெசன்ட் நகர், திருவான்மியூர், நீலாங்கரை என்று ஒவ்வொரு கரையிலும் கறுப்புத் திட்டுகள் தெரிந்தன. வடசென்னைப் பிரச்சினை என்று செய்தித்தாளை மடித்து வைத்த தென்சென்னைக்காரர்கள் அந்த வாரம் எலியட்ஸ் கடற்கரையில் குனிந்து பார்த்தார்கள். நானும் அப்படிக் குனிந்தவர்களில் ஒருவன். அலை வந்து நிற்கும் கோட்டில், மிளகு அளவு முதல் புளியங்கொட்டை அளவு வரை கருந்துகள்கள் ஒட்டிக் கிடந்தன. நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கும் பெண்களிடம் வாங்க ஆளில்லை. அவர்கள் பிடித்த மீனுக்கு என்ன ஆயிற்று என்று சோதித்துச் சொல்லும்வரை காத்திருக்கும் வசதி அவர்களுக்கு இல்லை. அன்றைய மீன் அன்றே விற்றாகவேண்டும்.

அது பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரைக்கு வரும் பருவமும்கூட. நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையில் இரவில் நடந்து, ஆமை முட்டைகளைச் சேகரித்துக் காக்கும் மாணவர் அமைப்பு 1988 முதல் இயங்கிவருகிறது. எண்ணெய் பூசிய ஆமைகள் ஒதுங்கியதை அந்த ஆண்டு சென்னைக் கரைகளில் பார்க்க நேர்ந்தது.

அந்துருண்டையின் உறவினர்கள்

ஒரு மாதத்தில் மணற்கரைகள் பழையபடி ஆகிவிட்டன. பெசன்ட் நகர் மணல் பெரும்பரல் மணல். அலை அதை நாள்தோறும் புரட்டிக் கழுவுகிறது, காற்று உள்ளே புகுகிறது, எண்ணெயை உண்ணும் நுண்ணுயிர்கள் வேலை செய்கின்றன. கழிமுகச் சேறும் துறைமுகச் சேறும் வேறு வகை. களித்துகள்கள் எண்ணெயைத் தம்மேல் ஒட்டவைத்துக்கொள்ளும். மேலே ஒரு விரற்கடை பழுப்புச் சேறு இருக்கும், அதற்குக் கீழே கறுப்புச் சேறு. அந்தக் கறுப்புப் பகுதியில் உயிர்வளி இல்லை. உயிர்வளி இல்லாத இடத்தில் எண்ணெய் சிதைவது மிக மெதுவாகவே நடக்கும். வெஸ்ட் ஃபால்மத்தில் முப்பது ஆண்டுகள் தங்கியதன் இரகசியம் இதுதான்.

சேற்றில் தங்கும் பொருட்களில் கவலைக்குரியவை, பல வளையங்களைக் கொண்ட அரோமாட்டிக் ஹைட்ரோகார்பன்கள். பெயரைக் கண்டு மிரளவேண்டாம். இக்குடும்பத்தின் மிகச் சிறிய உறுப்பினர் நம் வீட்டுத் துணி அலமாரியில் இருக்கும் நாப்தலீன், அதாவது அந்துருண்டை. அதில் இரண்டு பென்சீன் வளையங்கள் இருக்கின்றன. மூன்று வளையம் உள்ளது ஃபினாந்திரீன், நான்கு உள்ளது பைரீன், ஐந்து உள்ளது பென்சோபைரீன். இந்த வரிசையில் வளையம் கூடக்கூட நீரில் கரைவதும் ஆவியாவதும் குறைந்து, சேற்றில் ஒட்டிக்கொள்வது கூடுகிறது. பென்சோபைரீன் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உறுதிசெய்யப்பட்டது. சிகரெட் புகையிலும் அது உண்டு. சேற்றைத் தின்னும் புழுக்களும் மட்டிகளும் இவற்றை உடலில் ஏற்றுக்கொள்கின்றன. மீன்கள் இவற்றை ஓரளவு சிதைத்து வெளியேற்றக்கூடியவை. மட்டிக்கு அந்தத் திறமை குறைவு.

இவற்றை அளக்கும் முறை எளிமையானதுதான். சேற்றை உலர்த்தி, கரைப்பானில் ஊறவைத்து, வடித்த திரவத்தின்மேல் புற ஊதா ஒளியைப் பாய்ச்சினால் எண்ணெய்ப் பொருட்கள் ஒளிரும். ஒளிர்வின் அளவைக் கொண்டு ஒரு கிராம் சேற்றில் எத்தனை மைக்ரோகிராம் என்று கணக்கிடுவார்கள். கடலில் இருக்கும் எல்லா ஹைட்ரோகார்பனும் பெட்ரோலியமல்ல. இலைகளின் மெழுகிலும் உண்டு. ஆனால் இலை மெழுகில் ஒற்றைப்படைக் கார்பன் எண்ணிக்கை கொண்ட மூலக்கூறுகள் மிகுந்திருக்கும். பெட்ரோலியத்தில் ஒற்றையும் இரட்டையும் ஏறக்குறைய சமமாக இருக்கும். இந்த வேறுபாட்டை வைத்து மரத்தையும் எந்திரத்தையும் பிரித்துச் சொல்லிவிடலாம். குழாயைச் சேற்றில் இறக்கி நெடுக எடுக்கும் மாதிரியில், ஈயம்-210 என்ற இயற்கைக் கதிரியக்கப் பொருளின் தேய்வைக் கணக்கிட்டால் எந்த அடுக்கு எந்தக் காலத்தில் படிந்தது என்றும் தெரியும். அதன் அரை ஆயுள் சுமார் 22 ஆண்டுகள். கடந்த நூறாண்டுகளை அளக்க அது பொருத்தமானது. வரலாறு படிப்பவர்களுக்கு இது கல்வெட்டு மாதிரி. யாரும் வெட்டி வைக்காத கல்வெட்டு.

சென்னையில் இதற்கு ஆளும் இடமும் இல்லாமல் இல்லை. இந்தியக் கரைநீரின் மாசைத் தொடர்ந்து அளக்கும் மத்திய அரசுத் திட்டம் 1991 முதல் நடக்கிறது. தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் நம் பள்ளிக்கரணையில்தான் இருக்கிறது. நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றே. விபத்துக்குப் பிறகு எடுக்கும் சேறு, விபத்துக்கு முன் அதே இடத்தில் எடுத்த சேற்றோடு ஒப்பிட்டால்தான் சாட்சி சொல்லும். முன் மாதிரி இல்லையென்றால் இழப்பீடு கேட்கும் மீனவரிடம், "இது ஏற்கெனவே இருந்த அழுக்கு" என்று எந்த வழக்கறிஞரும் சொல்லிவிட முடியும். மிதக்கும் எண்ணெய்க்குப் புகைப்படம் சாட்சி. படிந்த எண்ணெய்க்கு அளவேடு மட்டுமே சாட்சி.

2023: வெள்ளத்தோடு வந்தது

மிக்ஜாம் புயல் 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் சென்னையை மூழ்கடித்தது. தென்சென்னையில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் படகில் போகும் நிலையில் இருந்தபோது, மணலியில் வெள்ளநீர் எண்ணெயைச் சுமந்துகொண்டு பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகத்துக்குள் இறங்கியது. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. சுத்திகரிப்பு ஆலை வளாகத்திலிருந்து எண்ணெய் வெளியேறியதை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தீர்ப்பாயத்தில் தெரிவித்தது.

இந்த முறை எண்ணெய் வந்த இடம் முன்னதைவிட மோசமானது. 2017இல் திறந்த கடற்கரையும் கற்சுவரும் அதிகம் பாதிக்கப்பட்டன. 2023இல் அலையே இல்லாத கழிமுகம், களிமண், அலையாத்தி மரங்கள். அலையாத்தி சேற்றுக்கு மேலே பென்சில் பென்சிலாக மூச்சு வேர்களை நீட்டிச் சுவாசிக்கும் மரம். வெள்ளம் வடிந்தபோது அந்த வேர்களின்மேல் எண்ணெய்ப் பூச்சு மிஞ்சியது. கூழைக்கடாக்கள் சிறகு கறுத்து உட்கார்ந்திருந்தன. வலைகளும் படகுகளும் பாழாயின. எண்ணூர்ப் பெண்கள் சிலர் சேற்றில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடிப்பவர்கள். சேற்றில் என்ன இருக்கிறது என்பது அவர்களுக்கு ஆய்வுக்கூடச் சேதியாக வருவதில்லை. தோலில் அரிப்பாக வருகிறது. மறுபடியும் வாளிகளும் சாக்குகளுமாக மீனவர்களே படகில் போய் எண்ணெயை அள்ளினார்கள். ஆறு ஆண்டுகளில் கருவி மாறவில்லை.

கூவமும் அடையாறும்

கப்பல்களையும் ஆலைகளையும் பற்றியே எழுதிவிட்டு நம் பகுதியை விட்டுவிட்டால் நியாயமாகாது. உலகக் கடல்களில் ஆண்டுக்குச் சுமார் 13 லட்சம் டன் எண்ணெய் கலப்பதாக அமெரிக்க தேசிய ஆய்வு மன்றம் 2003இல் கணக்கிட்டது. அதில் ஏறத்தாழ பாதி, கடலடிப் பிளவுகளிலிருந்து இயற்கையாகவே கசிவது. மீதியில் கப்பல் விபத்துகளின் பங்கு நாம் நினைப்பதைவிடக் குறைவு. அந்த ஆய்வின் 2022ஆம் ஆண்டுப் பதிப்பு, வட அமெரிக்காவில் நிலத்திலிருந்து மழைநீரோடும் சாக்கடையோடும் போகும் எண்ணெய், முன்பு மதிப்பிட்டதைவிட 20 மடங்குவரை அதிகம் என்றது. தெருவில் சொட்டும் என்ஜின் ஆயில்தான் அதில் பெரும்பங்கு.

சென்னைக்கு அந்தக் கணக்கை அப்படியே ஒட்டவைக்க முடியாது. ஆனால் வழி ஒன்றே. கூவத்தின் கரையில் புதுப்பேட்டை இருக்கிறது. நாட்டின் பழைய வண்டிகளெல்லாம் பிரிபடும் தெருக்கள் அவை. பிரிக்கும்போது வண்டியில் இருக்கும் ஆயில் எங்கே போகிறது என்பதைத் தரையின் நிறமே சொல்லும். தி.நகர் மேம்பாலத்தின் அடியிலும் அடையாறு டிப்போவின் வாசலிலும் மழை விட்டதும் சாலையில் வானவில் நிறத்தில் படலம் மின்னும். அது பேருந்திலிருந்தும் ஆட்டோவிலிருந்தும் நம் ஸ்கூட்டரிலிருந்தும் சொட்டியது. மழைநீர் வடிகால் அதை ஆற்றுக்கும், ஆறு கழிமுகத்துக்கும் கொண்டுபோகிறது. எந்தச் செய்தித்தாளிலும் இது வராது, எந்தத் தீர்ப்பாயமும் தானாக முன்வந்து இதை எடுக்காது.

அடையாறு கடலில் கலக்கும் இடத்தில், உடைந்த பாலத்துக்கு அருகே, கோடையில் மணல்திட்டு எழும்பி ஆற்றின் வாயை அடைத்துவிடும். அந்த மாதங்களில் ஆறு கொண்டுவந்தது கழிமுகத்துக்குள்ளேயே நின்று படிகிறது. பருவமழைக்கு முன் அரசுத் துறையினர் பொக்லைன் இயந்திரத்தால் மணலை வெட்டி வாயைத் திறந்துவிடுவார்கள். முதல் வெள்ளம் இறங்கும்போது அந்தக் கறுப்புச் சேற்றில் ஒரு பகுதி கிளம்பிக் கடலுக்குப் போகிறது. வாடைக் காலம் அது என்பதால் நீரோட்டம் அதைத் திருவான்மியூர்ப் பக்கம் கொண்டுபோகும்.